வழியாத கனாஷ்: சிங்கப்பூர் வெயிலுக்கு ஏற்ற அளவும் பதமும்

அக்கா மகனின் ஐந்தாவது பிறந்தநாள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை நான்கு மணிக்கு விருந்து. வெள்ளைச் சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் பூசி, மேல் ஓரத்திலிருந்து நீல நிறத்தில் வழியவிட்ட கேக்கை மூன்றரை மணிக்கே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அந்த நீலம் கேக்கின் இடுப்பைத் தாண்டி, அட்டையைத் தொட்டு, மேசை விரிப்பில் இறங்கியது. பக்கத்துப் பூச்சு தொப்பை போட்டது. பிள்ளைகளுக்கு ஒரு கவலையும் இல்லை, விரலால் வழித்து வழித்துத் தின்றார்கள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் பின்பற்றிய செய்முறையில் தப்பே இல்லை. அதை எழுதியவரின் சமையலறையில் 20 டிகிரி இருந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே பிற்பகலில் 31, 32 டிகிரி என்பது சாதாரணம். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் முழுதாக உருகுவது கிட்டத்தட்ட 34 டிகிரியில். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். குளிர்நாட்டு அளவை அப்படியே எடுத்தால் நம் ஊரில் கனாஷ் நிற்காது. அளவை மாற்றினால் வெண்ணெய் கிரீமைவிட இதுதான் இங்கே நன்றாக நிற்கும். சாதாரண வெண்ணெய் 25 டிகிரியிலேயே தளர்ந்துவிடுகிறதே!

கனாஷில் முட்டையும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. முட்டை சேர்க்காத கேக் கேட்கும் சைவ உறவினர்களுக்கும், "இது ஹலாலா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை நீட்டும் பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்குக்கும் தயங்காமல் கொடுக்கலாம். சாக்லேட் பொட்டலத்திலும் கிரீம் பெட்டியிலும் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வெனிலா எசன்ஸ் சேர்ப்பதாக இருந்தால் அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கனாஷ் என்றால் என்ன

சூடான கிரீமும் சாக்லேட்டும் கலந்த கலவை. அவ்வளவுதான் பொருட்கள். பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் கனாஷ் என்றால் மடையன் என்றும் ஒரு பொருள் உண்டு. கை தவறிக் கொதிக்கும் கிரீமைச் சாக்லேட்டில் கொட்டிய வேலைக்காரப் பையனை முதலாளி அப்படித் திட்டியதால் வந்த பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, திட்டு வாங்காமல் செய்வதற்குப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கிரீமில் தண்ணீர் இருக்கிறது, சாக்லேட்டில் கொழுப்பு இருக்கிறது. இரண்டும் இயல்பாகச் சேராதவை. கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் பரப்பிவிட்டால் பளபளப்பான, வழவழப்பான கலவை கிடைக்கும். அந்தப் பிணைப்பு விட்டுப்போனால் திரிந்துவிடும். மோர்க்குழம்பு திரிவதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பதம். சர்க்கரைப் பாகில் ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி என்று பார்ப்போம் இல்லையா? கனாஷும் அப்படித்தான். ஒரே கிண்ணத்துக் கனாஷ் 33 டிகிரியில் தேன் போல ஊற்ற வரும். 25 டிகிரி பக்கம் வந்தால் வேர்க்கடலை வெண்ணெய் போலத் தடவ வரும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் உருண்டை பிடிக்கலாம். எந்த வேலைக்கு எந்தப் பதம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என்ன வாங்குவது

பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் பொருள் கடைகளில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சாக்லேட் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிச் சேர்க்கைப் பட்டியலைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய் என்று இருந்தால் அது உண்மையான சாக்லேட். அந்த இடத்தில் பனைக்கொட்டை எண்ணெயோ தாவரக் கொழுப்போ இருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். விலை குறைவு, வெயிலில் கெட்டியாக நிற்கும். வாயில் மட்டும் மெழுகு போல ஒட்டும். அலங்காரத் துண்டுகளுக்கு அதைப் பயன்படுத்துவேன். கனாஷுக்குத் தொடமாட்டேன்.

நான் பெரும்பாலும் வாங்குவது 54, 55 சதவீத கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட். கேலபோ 811 அந்த வகை. சின்னச் சின்னப் பொத்தான்களாக வருவதால் கத்தி எடுத்து நறுக்கும் வேலை இல்லை. 70 சதவீதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வேகமாக இறுகும், எளிதில் திரியும், பிள்ளைகளுக்குக் கசக்கும். குக்கீயில் போடும் சாக்லேட் சிப்ஸ் அடுப்புச் சூட்டிலும் வடிவம் கலையாமல் இருக்கத் தயாரிக்கப்பட்டது. அதில் செய்த கனாஷ் தடித்துப்போய்த் தடவ வராது.

கிரீமுக்குப் பெட்டியில் 35 சதவீதக் கொழுப்பு என்று போட்டிருக்கும் விப்பிங் கிரீம் வேண்டும். பக்கத்திலேயே அதே மாதிரிப் பெட்டியில் குக்கிங் கிரீம் அடுக்கியிருப்பார்கள். அதில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம், கெட்டிப்படுத்தும் பொருட்களும் இருக்கும். அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள், நான் எடுத்திருக்கிறேன். தாவரக் கொழுப்பில் செய்த இனிப்புக் கிரீமும் இதற்குச் சரிப்படாது. சாக்லேட்டின் இனிப்போடு அதன் இனிப்பும் சேர்ந்து திகட்டிவிடும்.

சமையலறைத் தராசு கட்டாயம். கப் கணக்கு இதற்கு உதவாது. டிஜிட்டல் வெப்பமானி இருந்தால் நல்லது. ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் ரொம்ப நல்லது.

அளவு

முதலில் வரும் எண் சாக்லேட், அடுத்தது கிரீம், இரண்டும் எடைக் கணக்கில்.

கேக்கின் மேல் பூசக் கறுப்புச் சாக்லேட்டுக்கு வெளிநாட்டுச் செய்முறைகளில் 2:1 என்று இருக்கும். ஏர்கான் அறையிலேயே கேக் இருந்து, அங்கேயே வெட்டப்போகிறார்கள் என்றால் அதுவே போதும். கீழ்த்தளம், கடற்கரைப் பூங்கா, காற்றாடி மட்டும் சுற்றும் வீட்டுக் கூடம் என்றால் 2.5:1.

பால் சாக்லேட்டுக்கு 3:1, வெளியிடம் என்றால் 3.5:1.

வெள்ளைச் சாக்லேட்டுக்கு இங்கே 4:1. அதில் கொக்கோத் தூள் கொஞ்சமும் கிடையாது. கொக்கோ வெண்ணெய், சர்க்கரை, பால்பொடி மட்டும்தான். கெட்டியாகப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லாததால் கிரீமைக் குறைத்தே ஆக வேண்டும். முதல் கேக்கில் நான் போட்டது 2:1. தொப்பை போடாமல் என்ன செய்யும்?

ஓரத்திலிருந்து வழியவிட, கறுப்பு 120 கிராமுக்குக் கிரீம் 100 கிராம். வெள்ளை 140 கிராமுக்குக் கிரீம் 40 கிராம். 8 இன்ச் கேக்குக்கு இது தாராளம்.

கப்கேக்கின் மேல் அடித்துப் பிழிவதற்குக் கறுப்பு 200 கிராம், கிரீம் 200 கிராம். பன்னிரண்டு கப்கேக்குக்கு வரும்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 8 இன்ச் வட்டம், 10 சென்டிமீட்டர் உயரம், நடுவே இரண்டு வரி நிரப்பி, வெளியே அரை சென்டிமீட்டர் தடிமனில் பூச 950 கிராம் அளவில் கனாஷ் வேண்டும். அதற்கு 700 கிராம் சாக்லேட், 280 கிராம் கிரீம், ஒரு சிட்டிகை உப்பு. அதே உயரத்தில் 6 இன்ச் கேக்குக்கு 430 கிராம் சாக்லேட், 170 கிராம் கிரீம் போதும். கொஞ்சம் மிஞ்சினால் நல்லதே. பாதியில் தீர்ந்துபோய், அவசரமாகச் செய்த இரண்டாம் கிண்ணத்தின் நிறம் முதலோடு பொருந்தாமல் போவது பெரிய எரிச்சல்.

கலக்கும் முறை

8 இன்ச் கேக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

சாக்லேட்டை அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் போடுங்கள். கிண்ணமும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்கட்டும். சூடான கிரீமை ஊற்றினால் சாக்லேட் தானாக உருகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1:1 அளவுக்கு அது சரி. 2.5:1 போடும்போது கிரீமின் சூடு பாதிச் சாக்லேட்டுக்குக்கூடப் பத்தாது, நடுவே கட்டி கட்டியாக நிற்கும். அதனால் முதலில் மைக்ரோவேவில் பாதி சக்தியில் 30 விநாடி வைத்து எடுத்துக் கிளறுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்து, பாதி உருகிப் பாதி பொத்தானாக இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சாக்லேட்டுக்கு ஒவ்வொரு முறையும் 15, 20 விநாடி போதும். அது சட்டென்று கருகி மணல் போல ஆகிவிடும். கருகினால் மீட்க வழியில்லை.

கிரீமைச் சின்னப் பாத்திரத்தில் மிதமான தீயில் வையுங்கள். ஓரத்தில் குமிழ் கட்டி, நடுவில் ஆவி எழும்போதே இறக்கிவிட வேண்டும். பொங்கவிட்டால் தண்ணீர் ஆவியாகிக் கணக்கு மாறும்.

அதைச் சாக்லேட்டின் மேல் சுற்றி ஊற்றி, எல்லாம் மூழ்கும்படி கிண்ணத்தை ஒரு ஆட்டு ஆட்டுங்கள். இரண்டு நிமிடம் தொடாதீர்கள். இந்த இரண்டு நிமிடம் எனக்கு எப்போதும் சோதனைதான், கை பரபரக்கும். அப்புறம் சிலிக்கான் கரண்டியை நடுவில் வைத்து, சின்ன வட்டமாகக் கிளறுங்கள். முதலில் பார்க்கக் கண்றாவியாக இருக்கும்: வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, சேரவே சேராது என்பது போல. பயப்படாதீர்கள். திடீரென்று நடுவில் ஒரு கறுப்பு வட்டம் பளிச்சென்று தெரியும், கரண்டியை இழுத்தால் கூடவே இழுபடும். பிணைப்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம். இனி வட்டத்தை மெல்ல மெல்லப் பெரிதாக்கி ஓரத்தில் இருப்பதையும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். முட்டை அடிக்கும் விஸ்க்கைப் போட்டு அடிக்காதீர்கள், காற்றுக் குமிழ் புகுந்தால் பூசும்போது அம்மைத் தழும்பு போலத் தெரியும்.

கடைசியில் ஹேண்ட் பிளெண்டரின் தலையைக் கிண்ணத்தின் அடியில் முழுக்க அமிழ்த்தி, மேலே தூக்காமல் அரை நிமிடம் ஓட்டினால் கண்ணாடி மாதிரி வரும். அப்போது வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

ஆறவைப்பது

கிளிங் ஃபிலிமைக் கனாஷின் மேற்பரப்பிலேயே ஒட்டும்படி போடுங்கள். கிண்ணத்தின் வாயில் மட்டும் மூடினால் ஆவி நீராகச் சொட்டும், மேலே ஆடையும் படியும்.

இரவு முழுவதும் மேசையில் வையுங்கள் என்ற அறிவுரை இங்கே வேண்டாம். நம் வீட்டில் நடுராத்திரியிலும் 28 டிகிரி, கனாஷ் காலையிலும் கூழாகவே இருக்கும். பால் சேர்ந்த பொருளை அத்தனை மணி நேரம் வெளியே வைப்பதும் நல்லதல்ல. நான் ஒரு மணி நேரம் மேசையில் வைத்துச் சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். அன்றே வேண்டுமென்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஓரத்தை உள்ளே மடித்துக் கிளற வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் கல், நடு கஞ்சி. மறுநாள் வேலைக்கு என்றால் அப்படியே விட்டுவிட்டு, காலையில் ஒரு மணி நேரம் வெளியே வைத்து, மைக்ரோவேவில் குறைந்த சக்தியில் பத்துப் பத்து விநாடியாக இளக்கிக்கொள்ளலாம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, ரொட்டியில் தடவினால் ரொட்டி கிழியவும் கூடாது. அதுதான் பூசும் பதம்.

கேக்கில் பூசுவது

அடியில் இருக்கும் கேக் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். வெண்ணெய் கேக், சாக்லேட் மட் கேக் சரி. பாண்டான் ஷிஃபான் போன்ற பஞ்சுக் கேக் கனாஷின் எடையில் அமுங்கிவிடும். அதை அதன் போக்கில் சும்மாவே தின்னலாம்.

கேக்கை ஒரு நாள் முன்பே சுட்டு, கிளிங் ஃபிலிமில் சுற்றிக் குளிரவைத்தால் வெட்டும்போது தூள் உதிராது. ஏர்கானை 23 டிகிரியில் போட்டு அரை மணி கழித்து வேலையைத் தொடங்குங்கள். மின்கட்டணம் ஏறும்தான், என்ன செய்வது.

அட்டையின் நடுவில் ஒரு கரண்டி கனாஷை வைத்து அதன் மேல் முதல் துண்டை அழுத்துங்கள், கேக் நகராது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் தடவுங்கள். அடுக்கி முடித்ததும் வெளியே மிக மெல்லியதாக ஒரு பூச்சு. தூளை ஒட்டிப் பிடிப்பதற்கான பூச்சு இது, அழகு பார்க்க வேண்டாம். இருபது நிமிடம் ஃபிரிட்ஜ்.

இரண்டாவது பூச்சைத் தாராளமாகப் போடுங்கள். சுழல்தட்டை ஒரு கையால் சுற்றிக்கொண்டே, மறு கையில் ஸ்கிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து அசையாமல் வைத்தால் அதுவே வழித்துவிடும். கை நகரக்கூடாது, தட்டுதான் நகர வேண்டும். பள்ளம் தெரிந்தால் நிரப்பி மறுபடி சுற்றுங்கள். பக்கம் முடிந்ததும் மேல் விளிம்பில் ஒரு வேலி போலக் கனாஷ் எழும்பி நிற்கும். அதை அப்போதே தொடாமல், பத்து நிமிடம் குளிரவைத்து, கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து வெளியிலிருந்து உள்ளே வெட்டித் தள்ளினால் விளிம்பு கூர்மையாக நிற்கும். மேலே ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவுத் தகட்டைப் போர்த்துவதானாலும் இதுவே அடித்தளம். கனாஷ் முழுவதும் இறுகிய பிறகு, பிரஷ்ஷில் துளித் தண்ணீர் தொட்டுத் தடவிவிட்டுப் போர்த்துங்கள்.

வழியவிடும் கனாஷ் 30, 32 டிகிரிக்கு ஆறியிருக்க வேண்டும், கேக் ஃபிரிட்ஜிலிருந்து வந்த குளிரோடு இருக்க வேண்டும். கேக்கின் முதுகுப் பக்கத்தில் ஒரு துளியை விட்டுப் பாருங்கள். பாதி உயரத்தில் நின்றால் சரி. அடிவரை ஓடினால் இன்னும் சூடு, ஐந்து நிமிடம் பொறுங்கள். நிறம் சேர்க்கத் தண்ணீர்ச் சார்ந்த ஜெல் நிறமே கனாஷில் சில துளி போடலாம், ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதே. வெறும் உருகிய சாக்லேட்டில் அதைப் போட்டால்தான் கட்டியாகிப் பாழாகும்.

கப்கேக்

மூன்று வழி இருக்கிறது. எளிதானது முக்கி எடுப்பது: 1:1 கனாஷ் வெதுவெதுப்பாக இருக்கும்போது கப்கேக்கைத் தலைகீழாக முக்கி, ஒரு சுற்றுச் சுற்றித் தூக்கி நிமிர்த்துங்கள். பள்ளிக்கூடத்துக்கு நாற்பது கப்கேக் அனுப்ப வேண்டியிருந்தால் இதைவிட நிம்மதியான வழி இல்லை.

இரண்டாவது அடித்துப் பிழிவது. 1:1 கனாஷை ஃபிரிட்ஜில் இறுகவைத்து, வெளியே எடுத்து 20 டிகிரி பக்கம் வந்ததும் மிக்ஸரில் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். நிறம் வெளுத்து, பீட்டர் போகும் தடம் நின்றால் நிறுத்துங்கள். பத்து விநாடி கூடினாலும் ரவை ரவையாகிவிடும். காற்று புகுந்திருப்பதால் இது வெயிலில் சீக்கிரம் வாடும். வீட்டுக்குள் ஏர்கானில் தின்பதற்கு மட்டும்.

வெளியிடத்துக்கு 2:1 கனாஷை அடிக்காமலே பூசும் பதத்தில் பையில் நிரப்பிப் பிழிகிறேன். பையைப் பாதிதான் நிரப்புவேன். உள்ளங்கைச் சூட்டில் நாலாவது கப்கேக்குக்கே கனாஷ் இளகிவிடும். மெல்லிய துண்டைச் சுற்றிப் பிடித்தால் தாங்கும். இரண்டு பை வைத்துக்கொண்டு ஒன்று கையிலும் ஒன்று ஃபிரிட்ஜிலுமாக மாற்றி மாற்றி எடுப்பது இன்னும் நல்லது.

நம் மணங்கள்

வெள்ளைச் சாக்லேட்டின் இனிப்பு தனியே வந்தால் எனக்குப் பிடிக்காது. பாண்டான் சேர்த்தால் அதன் முகமே மாறும். 6 இன்ச் கேக்குக்கு 480 கிராம் வெள்ளைச் சாக்லேட், 120 கிராம் கிரீம் என்று வையுங்கள். கிரீமை 150 கிராமாக எடுத்து, ஐந்தாறு பாண்டான் இலையை நறுக்கிப் போட்டுச் சூடாக்கி, மூடி அரை மணி வைத்து வடிகட்டுங்கள். இலை கொஞ்சம் குடித்திருக்கும். மறுபடி எடைபோட்டு 120 கிராம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தால் கிரீம் ஊற்றுங்கள். ஒரு சிட்டிகை உப்பு மறக்க வேண்டாம்.

கறுப்புச் சாக்லேட்டுக்கு ஏலக்காய் தட்டிப் போடலாம். ஃபில்டர் காப்பி டிகாக்‌ஷன் சேர்ப்பதானால் 280 கிராம் கிரீமில் 40 கிராமைக் குறைத்து, அந்த இடத்தில் முதல் டிகாக்‌ஷனைக் கெட்டியாக ஊற்றுங்கள். பால் ஆகாதவர்களுக்குப் பால் கலக்காத கறுப்புச் சாக்லேட்டும் பெட்டியில் வரும் கெட்டித் தேங்காய்ப்பாலும். தேக்கா சந்தையில் பிழிந்து தரும் புதுத் தேங்காய்ப்பால் மணமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் புளித்துவிடும். அன்றே தின்னும் கப்கேக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரிந்துவிட்டால்

ஊறுகாய் ஜாடியில் மிதப்பது போல ஓரத்தில் எண்ணெய் நிற்கும், நடுவே சொரசொரப்பாக இருக்கும். கொட்டிவிடாதீர்கள். கொழுப்பின் அளவுக்குத் தண்ணீர் போதாதபோதோ, அதிகச் சூட்டிலோ இப்படி ஆகும். 2.5:1 என்பது அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் அளவு, அதனால் நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். கலவையை 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெதுவெதுப்பான பாலை ஒரு தேக்கரண்டி நடுவில் ஊற்றி, முன்போலவே சின்ன வட்டமாகக் கிளறுங்கள். பளபளப்பு வரும்வரை ஒவ்வொரு கரண்டியாக. பெரிய கிண்ணத்துக்கும் நாலைந்து தேக்கரண்டியைத் தாண்டாது. பிளெண்டர் ஓட்டினால் இன்னும் வேகம்.

கட்டி தெரிந்தால் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து மெதுவாக உருக்குங்கள். ரொம்பத் தளர்வாக இருந்தால் கனாஷை வெதுவெதுப்பாக்கி, உருகிய சாக்லேட்டை 50 கிராம் 50 கிராமாகச் சேருங்கள். ரொம்ப இறுகிவிட்டால் சூடான கிரீம் ஒரு கரண்டி.

வியர்வையும் பயணமும்

சிங்கப்பூர்க் காற்றில் உள்ள ஈரம் 24, 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மீதும் நீராகப் படியும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக வெளியே எடுத்த கேக் ஐந்து நிமிடத்தில் முத்து முத்தாக வியர்க்கும், பளபளப்பு போய்த் திட்டுத் திட்டாகும். டிஷ்யூவால் ஒற்றினால் தடம் விழும். கேக்கை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த பிறகும் ஒரு மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரம் பெட்டியின் வெளியே படியும், கேக் உள்ளே நிதானமாக வெப்பத்துக்குப் பழகும். அப்படியும் வியர்த்தால் காற்றாடியின் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், தானாகக் காயும்.

டாக்சியில் மடியில் வைக்காதீர்கள், உடல் சூடும் சாய்வும் இரண்டும் கெடுதல். கால் வைக்கும் தரையில் வழுக்காத விரிப்பின் மேல் வைத்து, ஏர்கான் காற்றைக் கீழே திருப்பச் சொல்லுங்கள். மேசைக்கு வந்த கேக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை என்பது என் கணக்கு.

மறுவருடம் அதே பையனுக்கு, அதே கீழ்த்தளத்தில், 4:1 வெள்ளைக் கனாஷ். ஒன்றரை மணி நேரம் விளிம்பு கலையவில்லை. நான் பெருமையோடு நிற்க, அவன் கேக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சித்தி, இந்தத் தடவை ஏன் வழியவே இல்லை?" என்று முகத்தைத் தொங்கப்போட்டான்.

மிச்சம்

மிஞ்சிய கனாஷ் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம், ஃப்ரீசரில் இரண்டு மாதம் இருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மறுபடி பூசும் அளவுக்கு இல்லையென்றால் சின்ன உருண்டையாக உருட்டி, கொக்கோத் தூளில் புரட்டி வையுங்கள். அதற்கும் பொறுமை இல்லாத இரவில் ஒரு கரண்டியைச் சூடான பாலில் போட்டுக் கலக்கிக் குடிக்கலாம், சர்க்கரை வேண்டியதில்லை.